ஐந்தரை மணி நேரத் தண்ணீர்

1

இது எப்படி ஆரம்பித்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கதை எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டது ஒரு பக்கக் கட்டுரை.

குத்தாலத்துக்குத் தெற்கே இருக்கிறது எங்கள் செங்கழனி வாய்க்கால் பாசனதாரர் சங்கம். சங்க அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில் இரண்டு இயங்குதளங்கள்: ஒன்று டெபியன் லினக்ஸ், இன்னொன்று ஃப்ரீபிஎஸ்டி. இரண்டும் இலவசம். இவற்றில் எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்று முடிவு செய்ய ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு எல்லாருக்கும் புரியற மாதிரி ஒரு பக்கம் எழுதிக் கொண்டாங்க. நீங்கதான் பத்திரிகைல கதையெல்லாம் எழுதறீங்களே" என்றார்கள்.

ஒன்பது நாளாக எழுதுகிறேன். இன்று சனிக்கிழமை.

தொடக்கம் ஒன்று: "இயங்குதளம் என்பது கணினியின் உயிர்." அடித்துவிட்டேன். உயிராவது மண்ணாவது.

தொடக்கம் இரண்டு: "காவிரி பல கிளைகளாகப் பிரிவதுபோல, யுனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்திலிருந்து..." இதையும் அடித்தேன். எங்கள் ஊரில் எதை எழுத உட்கார்ந்தாலும் காவிரி அழைக்காமலே வந்து முதல் வரியில் உட்கார்ந்துகொள்ளும். வெட்கமில்லாமல் நாங்களும் இடம் கொடுப்போம்.

தொடக்கம் மூன்று: "ஜனவரி இருபத்தைந்தாம் தேதி மதியம் பன்னிரண்டரை மணிக்கு, செல்லதுரையின் வயலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் நின்றது."

இதை அடிக்கக் கை வரவில்லை. ஆனால் இது கட்டுரையின் முதல் வரி இல்லையே! என் மனைவி மாலதி எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு பக்கத்துக்கு இவ்வளவு பேப்பரா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

2

சரி, கேட்டதை முதலில் கொடுத்துவிடுகிறேன்.

லினக்ஸ் என்பது, கறாராகச் சொன்னால், இயங்குதளத்தின் நடுப்பகுதி மட்டும்தான். வன்பொருளோடு பேசுகிற பகுதி அது. அதைச் சுற்றி வேண்டிய மற்றவற்றை வேறு வேறு ஆட்கள் வேறு வேறு இடங்களில் எழுதினார்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி, சோதித்து, நம் கையில் கொடுப்பவர்கள் பலர். அதில் ஒரு கூட்டத்தார் கொடுப்பதுதான் டெபியன்.

ஃப்ரீபிஎஸ்டி அப்படியில்லை. நடுப்பகுதியையும் அன்றாடத்துக்கு வேண்டிய அடிப்படைக் கருவிகளையும் ஒரே குழு, ஒரே இடத்தில் வைத்துப் பராமரிக்கிறது. அதனால் ஒழுங்கு அதிகம். கூட வரும் கையேடு அருமையானது. நான் படித்தேன். பாதி புரிந்தது, அந்தப் பாதியே பெரிய விஷயம்.

இரண்டின் மூலநிரலையும் யாரும் பார்க்கலாம், மாற்றலாம். உரிமத்தில்தான் வித்தியாசம். லினக்ஸை நீங்கள் மாற்றி அடுத்தவருக்குக் கொடுத்தால், மாற்றியதன் மூலநிரலையும் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். ஃப்ரீபிஎஸ்டிக்காரர்கள், "என்னமோ செய்துகொள்ளுங்கள், எழுதியவர் பெயரை மட்டும் எடுக்காதீர்கள்" என்று விட்டுவிடுகிறார்கள்.

புதிய சாதனங்களை லினக்ஸ் சீக்கிரம் அடையாளம் கண்டுகொள்ளும். குறுஞ்செய்தி அனுப்புவதற்காகச் சிம் போட்ட டாங்கிள் ஒன்று சங்கத்தில் உண்டு. டெபியனில் அதைச் செருகியதும் வேலை செய்தது. ஃப்ரீபிஎஸ்டியில் அதை வழிக்குக் கொண்டுவர அரை நாள் ஆனது.

லினக்ஸின் சின்னம் பெங்குவின். ஃப்ரீபிஎஸ்டியின் சின்னம் கையில் சூலம் வைத்த சிவப்புக் குட்டிச்சாத்தான். திரையில் அதை முதன்முதலாகப் பார்த்த, வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கும் செல்லதுரை, "ஏங்க, மேல்மடைக்குப் பறவை, எங்களுக்குப் பிசாசா? அதுலயும் ஓரவஞ்சனையா?" என்றார். அறையே சிரித்தது. (இந்தச் சிரிப்பைக் கட்டுரையில் வைக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இருக்கட்டும். அவர் சிரித்த கடைசிக் கூட்டம் அது.)

ஆயிற்று, ஒரு பக்கம். இதோடு நிறுத்தியிருந்தால் போன வாரமே கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

3

ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு இயங்குதளங்கள் ஏன் என்று நீங்கள் கேட்க வேண்டும். கேளுங்கள்.

எங்கள் வாய்க்கால் பதினோரு கிலோமீட்டர். தலைப்பில் வயல் வைத்திருப்பவர்கள் மேல்மடைக்காரர்கள், தண்ணீர் அவர்களைத் தாண்டித்தான் கடைமடைக்குப் போக வேண்டும். ஆற்றில் தண்ணீர் குறையும்போது முறை வைப்போம்: நான்கு நாள் மேல்மடைக்கு, நான்கு நாள் கடைமடைக்கு. முறை மாறுவது மாலை ஆறு மணிக்கு. மேல்மடை மதகுகளை அடைத்தால் தண்ணீர் கீழே போகும், திறந்தால் போகாது.

அடைக்க வருகிற மதகுக்காரர் நல்லக்கண்ணுவை யாராவது மிரட்டுவார்கள். "இன்னும் ஒரு மணி நேரம் ஓடட்டும்யா" என்பார்கள். மிரட்டுபவர்கள் யார், எந்தத் தெரு என்று எழுத வேண்டியதில்லை. கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியும்.

துபாயிலிருந்து திரும்பி வந்து அப்பாவின் நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் அரவிந்தன்தான் வழி கண்டுபிடித்தான். மேல்மடைக்காரன்தான், ஆனால் நியாயமான பையன். டெபியனில் ஒரு சின்ன நிரல் எழுதினான். முறை முடிகிற நேரத்தில் நல்லக்கண்ணுவின் போனுக்குச் செய்தி போகும்: "முறை முடிந்தது. மதகு மாற்றவும்." அவ்வளவுதான். செய்தி வந்தால் மாற்ற வேண்டும், யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது, நல்லக்கண்ணுவும் கேட்கக் கூடாது. இதற்கு எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினோம்.

அப்போது எழுந்தவள்தான் செந்தாமரை, செல்லதுரையின் மகள். அவள் தாத்தா காலம் வரை அந்தக் குடும்பம் மேல்மடை வயல்களில் கூலிக்கு நடவு நட்டது. செல்லதுரை பாடுபட்டுக் கடைமடையில் ஒன்றரை ஏக்கர் வாங்கினார். அவள் ஒரு நிறுவனத்தின் சர்வர்களை வீட்டிலிருந்தபடியே பராமரிக்கிறாள். அங்கெல்லாம் ஓடுவது ஃப்ரீபிஎஸ்டி.

"அரவிந்த், உங்க புரோகிராம் சரியாவே இருக்கலாம். ஆனா அதை நீங்க மட்டும்தானே பாக்கறீங்க? எங்க முறைய நாங்க நம்பற சிஸ்டம் சொல்லட்டும்."

"மெஷின் ஒண்ணுதாங்க செந்தாமரை. ரெண்டு எதுக்கு?"

"வாய்க்காலும் ஒண்ணுதான்."

ஒரு மணி நேரம் கத்தியபின் எங்கள் ஆட்கள் ஒரு தீர்ப்பு சொன்னார்கள். உலகத்தில் வேறு எந்த ஊரிலும் இப்படி ஒரு தீர்ப்பு வந்திருக்காது. கம்ப்யூட்டருக்கும் முறை வைத்தார்கள்! வன்வட்டில் பாதி டெபியனுக்கு, பாதி ஃப்ரீபிஎஸ்டிக்கு. ஒரு பக்கத்தின் முறை முடிகிற நாளில், அடுத்து வாங்கப்போகிற பக்கம் மதியத்துக்குள் வந்து தன்னுடைய இயங்குதளத்தைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். மாலை ஆறு மணிச் செய்தியை அது அனுப்பும்.

எல்லோரும் கைதட்டினோம். நானும்தான்.

4

அடிக்குறிப்பாகப் போட வேண்டிய விஷயம் இது. ஆனால் கதையே இதில்தான் இருக்கிறது, அதனால் மேலே ஏற்றிவிட்டேன்.

கம்ப்யூட்டருக்குள் பட்டன் பேட்டரியில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், மின்சாரம் இல்லாவிட்டாலும். டெபியன் அந்தக் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைத்துக்கொள்ளும். திரையில் காட்டும்போது இந்திய நேரத்துக்காக ஐந்தரை மணி கூட்டிக் காட்டும். ஃப்ரீபிஎஸ்டியை நிறுவும்போது ஒரு கேள்வி வரும்: உள்ளே இருக்கும் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறதா, ஆம் அல்லது இல்லை?

செந்தாமரை "இல்லை" என்று அழுத்திவிட்டாள். டாங்கிளோடு அரை நாள் மல்லுக்கட்டிய களைப்பில் ஒரு விசை.

அன்றிலிருந்து ஒரே கடிகாரத்தை இரண்டும் இரண்டு விதமாகப் படித்தன. அவள் தன்னுடையதைப் போட்டால் நேரம் ஐந்தரை மணி பின்னால் நிற்கும், திருத்துவாள். அடுத்து அவன் தன்னுடையதைப் போட்டால் ஐந்தரை மணி முன்னால் ஓடும், அவன் திருத்துவான். அறையில் இணையம் கிடையாது, அதனால் தானாகச் சரியாக வழியில்லை. மூன்று தடவை இப்படி ஆனது. ஒருவர்மேல் ஒருவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"கடிகாரத்துல ஏன் கை வெக்கிறீங்க?" என்று அவன் போனில் கேட்டான்.

"நானா? நீங்க கெடுத்து வெக்கிறத நான் எட்டு நாளைக்கு ஒருக்கா சரி பண்ணிக்கிட்டிருக்கேன்!"

இரண்டு பேரும் படித்தவர்கள், தொழில் தெரிந்தவர்கள். உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசியிருந்தால் கண்டுபிடித்திருப்பார்கள். ஆனால் இந்த வாய்க்காலில் மேலேயும் கீழேயும் இருப்பவர்களுக்கு, எதிராளி ஏமாற்றுகிறார் என்பதுதான் முதலில் தோன்றும். சண்டை முற்றியதும் சங்கச் செயலாளர் துரைராசு ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி மானிட்டர்மேல் ஒட்டினார்: "கடிகாரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. இப்படிக்கு, செயலாளர்."

5

இந்தத் துரைராசுதான் எனக்குச் சரியாக வரமாட்டேன் என்கிறார். அறுபது வயது, கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், மேல்மடையில் இரண்டு ஏக்கர். நல்ல மனிதர் என்று எழுதினால் சப்பென்று இருக்கிறது. கெட்டவர் என்று எழுத மனம் வரவில்லை. இவர் இல்லாமலே கதையைச் சொல்ல முடியுமா என்று ஒரு பிரதி எழுதிப் பார்த்தேன். ஜனவரி இருபத்தைந்தாம் தேதியில் வந்து முட்டி நின்றுவிட்டது.

அன்று கடைமடை முறையின் கடைசி நாள். இருபத்தெட்டாம் தேதி மேட்டூரை மூடிவிடுவார்கள், அதனால் கடைமடைக்கு அந்த வருடத்தின் கடைசித் தண்ணீரும் அதுதான். சம்பா கதிர் பால் பிடிக்கிற நேரம். கடைமடையிலேயே கடைசி வயல் செல்லதுரையுடையது. மதியம் பன்னிரண்டு முதல் மாலை ஆறு வரை அவர் நேரம்.

அரவிந்தன் சீர்காழியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். துரைராசுவுக்குப் போன் செய்தான்.

"மாமா, இன்னிக்கு நம்ம சிஸ்டத்தப் போடணும். நீங்க போய்ப் போட்டுடுங்க. பெங்குவின் வந்துச்சுன்னா போதும்."

துரைராசு காலை பதினொன்று இருபத்தைந்துக்குப் போட்டார். பெங்குவின் வந்தது. கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

பன்னிரண்டரைக்குக் கம்ப்யூட்டரின் கடிகாரத்தில் மணி ஆறு. நல்லக்கண்ணுவுக்குச் செய்தி போனது. நட்ட நடு மதியத்தில் அவர் மேல்மடை மதகுகளைத் திறந்தார். மதகு திறந்ததை யாரோ போனில் சொல்லி, செல்லதுரை டிவிஎஸ் ஃபிஃப்டியில் பதினோரு கிலோமீட்டர் வந்து சேர்ந்தபோது மணி ஒன்றே கால்.

"ஏன்யா தொறந்த? மணி என்ன ஆவுது?"

"மெசேஜ் வந்துச்சு, மாத்துனேன். இந்தாங்க பாருங்க. யாரும் கேக்கக் கூடாதுன்னு நீங்களுந்தானே கையெழுத்துப் போட்டீங்க? செயலாளர் சொல்லட்டும், இப்பவே அடைக்கிறேன்."

செல்லதுரை துரைராசுவுக்குப் போன் செய்தார். மூன்று தடவை. எடுக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருந்தார் துரைராசு.

(இந்த வரியை மட்டும் பதினொரு தடவை எழுதியிருக்கிறேன்.)

வாய்க்காலில் மிச்சமிருந்தது வடிந்து அரை ஏக்கர் நனைந்தது. மீதி ஒரு ஏக்கர் நனையவில்லை. சாயங்காலம் வந்த அரவிந்தன் தன் பங்கை விட்டுத்தருகிறேன் என்றான். மனதாரத்தான் சொன்னான். ஆனால் இடையில் இருப்பவர்கள் மதகை அடைக்க விடவில்லை. முறை மாறிவிட்டது என்றார்கள்.

நேற்று நான் போய்ப் பார்த்தேன். நனைந்த அரை ஏக்கரில் கதிர் தலை சாய்ந்து நிற்கிறது. மற்றதில் வெள்ளையாக, நேராக நிற்கிறது. அத்தனையும் பதர். செல்லதுரை ஒரு கதிரைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். எனக்கு அழுகை வந்தது, இருமலாக மாற்றிக்கொண்டேன்.

6

முடிவுகள்.

(அ) கூட்டத்தில் கடைமடைக்காரர்கள் எழுந்து, அரவிந்தன்தான் வேண்டுமென்று கடிகாரத்தைத் தள்ளி வைத்தான் என்கிறார்கள். ஊரில் இப்போதே அப்படித்தான் பேச்சு. ஆள் வைத்து மிரட்டியவர்கள் இப்போது மெஷின் வைத்து ஏமாற்றுகிறார்கள் என்கிறார்கள். அவன் நிரலை அழித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறான். மதகில் மறுபடி பழைய ஆட்கள்.

(ஆ) வியாழக்கிழமை செந்தாமரை என் வீட்டுக்கு வந்தாள். கோப்புகளைத் துருவிப் பார்த்து, தான் அழுத்திய அந்த "இல்லை"யைக் கண்டுபிடித்திருந்தாள்.

"சார், தப்பு என்னுதுதான். எங்கப்பா வயல நானே காய வெச்சிட்டேன். கூட்டத்துல சொல்லிடப் போறேன்."

"சொன்னா ஃப்ரீபிஎஸ்டியத் தூக்கிடுவாங்கம்மா. கடைமடைக்கு அந்த மெஷின்ல ஒரு பிடியும் இருக்காது."

"தெரியும் சார். அதுக்காக அரவிந்த் மேல பழிய விட்டுட்டுச் சும்மா இருக்க முடியுமா? நேத்து அவர்கிட்டயும் சொல்லிட்டேன். அவர் என்னடான்னா, நீங்க சொல்லாதீங்க, நான் வாங்கிக்கறேன்றாரு."

இருவரும் ஒருவர் பழியை ஒருவர் தாங்கப் போட்டி போடுகிறார்கள். கதைக்கு அழகான முடிவு இது. வாசகர் கண் கலங்குவார். நானும் கலங்கியபடியே எழுதி முடித்து, கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

(இ) இரண்டு இயங்குதளங்களில் ஒன்றை வைத்துக்கொண்டு, அதற்கு இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு பொறுப்பாளர். எது என்பது முக்கியமில்லை. உள்ளபடியே இதுதான் சரியான தீர்வு. கட்டுரையின் பரிந்துரையாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றும் பொய். மூன்றிலும் அந்த ஒரு மனிதர் தப்பித்துப் போகிறார்.

7

துரைராசு சரியாக வராததற்குக் காரணம் உண்டு. அவரை வெளியே நிறுத்தி எழுதிக்கொண்டிருந்தேன். செயலாளர் நான்தான். துரைராசு என் பெயர்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

ஜனவரி இருபத்தைந்து காலை கம்ப்யூட்டரைப் போட்டேன். பெங்குவின் வந்தது. திரையின் ஓரத்தில் 16:55 என்று இருந்தது. என் கைக்கடிகாரத்தில் பதினொன்று இருபத்தைந்து. பார்த்தேன். இரண்டையும் பார்த்தேன். மூன்று தடவை இதே சண்டையைத் தீர்த்துவைத்தவன் நான். செய்தி முன்கூட்டியே போய்விடும் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால்

(இந்த வாக்கியம் வேண்டாம்.)

தெரியும். அரவிந்தனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். மானிட்டர்மேல் என் கையெழுத்திலேயே ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தேன். கை வைக்கக் கூடாது. நல்லதாகப் போயிற்று என்று கதவைப் பூட்டினேன்.

மேல்மடை மதகு திறந்தால் முதலில் தண்ணீர் ஏறுகிற வயல் என்னுடையது. அது அப்போது என் நினைவில் இல்லை என்று ஒன்பது நாளாக எழுதி எழுதி அடிக்கிறேன். நினைவில் இருந்தது. "ஒரு நாள்தானே, ஐந்தரை மணி நேரம்தானே" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தேன். மதியம் நான் தூங்கவில்லை. போன் அடித்தபோது மாலதி, "செல்லதுரைங்க. எடுங்களேன்" என்றாள். நான் சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று தடவையும்.

செந்தாமரை அழுத்திய விசை தவறு. அது தெரியாமல் நடந்தது. அரவிந்தன் ஊரில் இல்லை. நல்லக்கண்ணு சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். லினக்ஸும் ஃப்ரீபிஎஸ்டியும் தங்களுக்குச் சொல்லப்பட்டபடி நேரத்தைக் கணக்குப் போட்டன. நீங்கள் கேட்ட ஒப்பீட்டில் இரண்டின்மேலும் எனக்குக் குறை இல்லை.

நாளை பத்து மணிக்கு இதைக் கூட்டத்தில் வாசிக்கப் போகிறேன். ஒரு பக்கம் கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். செந்தாமரை எழுந்து பேசுவதற்கு முன்னால் வாசித்துவிட வேண்டும் என்பதால் இதை முதல் பொருளாக வைத்திருக்கிறேன். செயலாளருக்கு அந்த அதிகாரம் உண்டு, நாளை பத்து மணி வரைக்கும்.

வாசித்தபின் செல்லதுரை என்ன சொல்வார் என்று நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் திட்டுகிறார். ஒன்றில் அடிக்க வருகிறார். ஒன்றில் பேசாமல் வெளியே போய்விடுகிறார். ஒன்றில், எனக்கு வெட்கமாக இருக்கிறது, என் தோளில் கை வைக்கிறார். நான்கையும் கிழித்துப் போட்டேன். அன்று அவர் மூன்று தடவை பேச முயன்றார், நான் கேட்கவில்லை. நாளை அவருக்கும் சேர்த்து நானே எழுதிக்கொண்டு போவது எந்த ஊர் நியாயம்?

செல்லதுரை, நான் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு உட்காருகிறேன். நீங்கள் பேசுங்கள்.